வேரியபிள் ஆர்குமென்ட் ஃபங்ஷன்: எத்தனை வருதுன்னு உள்ளே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி இதுதான்: சி மொழியில மூணு புள்ளி (...) போட்டு, எத்தனை மதிப்பு வேணும்னாலும் வாங்குற ஒரு சராசரி ஃபங்ஷன் எழுதியிருக்கீங்க, முதல் ஆர்குமென்ட் எத்தனை எண்ணுன்னு சொல்லும், மீதி எல்லாம் டபுள். சில இடத்துல கூப்பிட்டா சரியா வருது, சில இடத்துல கன்னாபின்னான்னு ஒரு எண் வருது. அதையே பைத்தான்ல ஸ்டார் ஆர்க்ஸ் (*args) வச்சு எழுதினா எப்பவும் சரியா வருது. ரெண்டும் ஒரே வசதிதானே, அப்புறம் ஏன் இப்படின்னு கேட்டிருக்கீங்க.

வெளிய பார்க்கத்தான் ஒண்ணு, உள்ளே ரெண்டும் வேற வேற. பைத்தான்ல நீங்க அனுப்புற ஒவ்வொரு மதிப்பும் தன்னோட டைப்பைத் தானே தூக்கிட்டு வரும், எல்லாத்தையும் சேர்த்துக் கட்டின, ட்யூப்பிள்ங்கிற மாத்த முடியாத தொகுப்புக்குத் தன்னோட நீளமும் தெரியும். சி-ல இது ரெண்டுமே கிடையாது. கூப்பிடுறவன் மதிப்பை ரெஜிஸ்டர்லயும் (ப்ராசஸருக்குள்ள இருக்கிற சின்ன சேமிப்பு இடம்) ஸ்டேக்லயும் (ஃபங்ஷன் கால்களுக்குன்னு மெமரியில ஒதுக்கின இடம்) வச்சுட்டுப் போயிடுவான், எத்தனை வச்சான், என்ன டைப்புல வச்சான்னு எங்கயும் எழுதி வைக்க மாட்டான். உள்ளே இருக்கிற ஃபங்ஷன் யாரோ சொன்ன கணக்கை நம்பித்தான் எடுக்கணும். அந்தக் கணக்கு ஒரு இடத்துல பிசகினாலும் கம்பைலரும் தடுக்காது, ரன் ஆகும்போதும் யாரும் தடுக்க மாட்டாங்க. வேரியபிள் ஆர்குமென்ட் பத்தி எந்த மொழியில படிச்சாலும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான், எத்தனை, என்ன டைப்புங்கிற தகவல் உள்ளே எப்படிப் போய்ச் சேருது? அதுக்கு அந்த மொழி என்ன பதில் வச்சிருக்குன்னு தெரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

உங்க கோடுல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நீங்க போட்டிருக்கிற சராசரி(3, 10.0, 20.0, 30.0) சரியா வருது, சராசரி(3, 10.0, 20, 30.0) தப்பா வருது. வித்தியாசம் நடுவுல இருக்கிற 20 மட்டும்தான், புள்ளி இல்லாததால அது இன்ட். சாதாரண ஃபங்ஷனா இருந்தா கம்பைலர் டிக்ளரேஷனைப் பார்த்து "இங்க டபுள் வேணும்"னு தானா மாத்திக் கொடுத்திருக்கும், அதனாலதான் நமக்கு இது பழக்கத்துல ஒரு பிரச்சனையாவே தெரியாது. மூணு புள்ளிக்குப் பின்னாடி வர்றதுக்கு டிக்ளரேஷன்ல டைப்பே இல்லையே, கம்பைலர் எதுவா மாத்தும்? இன்ட்டை இன்ட்டாவே அனுப்பிடும்.

இப்போ 64 பிட் லினக்ஸ்ல இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்ல ஆர்குமென்ட் போற விதம் என்னன்னா, முழு எண்ணும் பாயின்டரும் ஆறு பொது ரெஜிஸ்டர் வழியா போகும், டபுள் எல்லாம் எட்டு எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர் வழியா போகும், ரெண்டும் தனித்தனி வரிசை. அதனால உங்க 10.0 முதல் எக்ஸ்எம்எம்ல, 30.0 ரெண்டாவது எக்ஸ்எம்எம்ல போயிடுச்சு, 20 மட்டும் பொது ரெஜிஸ்டர் பக்கம் தனியா போயிடுச்சு. உள்ளே அடுத்த ஆர்குமென்ட்டை எடுத்துக் கொடுக்கிற விஏ_ஆர்க் (va_arg) மூணு தடவை "டபுள் கொடு"ன்னு கேட்குது, முதல் தடவை 10, ரெண்டாவது தடவை 30, மூணாவது தடவை மூணாவது எக்ஸ்எம்எம்ல முன்னாடி யாரோ விட்டுட்டுப் போன குப்பை. 20-ஐ யாருமே தொடல. இதே கோடை 64 பிட் விண்டோஸ்ல ஓட்டினா வேற மாதிரி தப்பும், அங்க ஆர்குமென்ட்டோட இடத்தை வச்சுத்தான் ரெஜிஸ்டர், வேரியபிள் ஆர்குமென்ட்டா போற டபுள் பொது ரெஜிஸ்டர்லயும் ஒரு காப்பி போகும், அதனால 20-ஓட பிட்டுகளை டபுள்னு நினைச்சுப் படிச்சு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டின ஒரு எண் கிடைக்கும். ஒரே கோடு ரெண்டு மெஷின்ல ரெண்டு விதமா தப்பு பண்ணும், சி ஸ்டாண்டர்ட் இதை வரையறுக்கப்படாத நடத்தைன்னு சொல்லிட்டு ஒதுங்கிடும்.

இன்னொரு சின்ன விவரம், ஆனா முக்கியம். இந்த லினக்ஸ் முறையில வேரியபிள் ஆர்குமென்ட் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது எத்தனை எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர் உபயோகிச்சிருக்குன்னு ஏஎல் ரெஜிஸ்டர்ல ஒரு எண்ணை வச்சு அனுப்பணும், அது பூஜ்யமா இருந்தா உள்ளே எக்ஸ்எம்எம் எதையும் சேமிக்கவே மாட்டாங்க. அப்போ சராசரி(3, 10, 20, 30)னு எல்லாத்தையும் இன்ட்டாவே கொடுத்தீங்கன்னா உள்ளே படிக்கிறது யாரும் எழுதாத ஸ்டேக் இடம். இதனாலதான் டிக்ளரேஷன் இல்லாம வேரியபிள் ஆர்குமென்ட் ஃபங்ஷனைக் கூப்பிடவே கூடாது, கம்பைலருக்கு இது அந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் கூப்பிடும் முறையே சரியா அமையும். ஆப்பிளோட ஆர்ம் 64 சிப்ல இது இன்னும் கறார், பேர் இருக்கிற ஆர்குமென்ட் ரெஜிஸ்டர்ல போகும், மூணு புள்ளியில வர்றது எல்லாம் ஸ்டேக்ல மட்டும்தான் போகும், இன்டெல்ல தற்செயலா ஓடிட்டிருந்த கோடு அங்க கொண்டு போனதும் படுத்துடும்.

டைப் விஷயத்துல இன்னொரு பொறி இருக்கு. மூணு புள்ளி வழியா போகும்போது ஃப்ளோட் தானா டபுளா ஆயிடும், சார், ஷார்ட் ரெண்டும் இன்ட்டா ஆயிடும். அதனால உள்ளே விஏ_ஆர்க்ல ஃப்ளோட்னோ சார்னோ கேட்கவே கூடாது, டபுள்னும் இன்ட்னும்தான் கேட்கணும். ஜிசிசி (GCC) கம்பைலர் இதைப் பார்த்தா வார்னிங் கொடுக்கும், கூடவே இந்த வரிக்கு வந்தா புரோகிராம் நின்னுடும்னும் சொல்லும், அதைப் படிக்காம தாண்டிப் போகாதீங்க. அச்சடிக்கிற பிரிண்ட்எஃப்ல (printf) ஃப்ளோட்டுக்கும் டபுளுக்கும் ஒரே குறியீடு இருக்கிறதுக்குக் காரணமும் இதுதான், உள்ளீடு படிக்கிற ஸ்கேன்எஃப்ல (scanf) அப்படி முடியாது ஏன்னா அங்க போறது பாயின்டர், பாயின்டர் இந்த மாதிரி எல்லாம் மாறாது.

சரி, எத்தனைன்னு எப்படிச் சொல்றது? சி-ல மூணு வழி புழக்கத்துல இருக்கு. ஒண்ணு நீங்க செஞ்ச மாதிரி எண்ணிக்கையை முதல்ல கொடுக்கிறது. இது எழுத சுலபம், ஆனா ஒரு மதிப்பைச் சேர்த்துட்டு எண்ணிக்கையை மாத்த மறந்தா அவ்வளவுதான், மனுஷன் கையால எண்ணி எழுதுற எந்த எண்ணும் ஒரு நாள் தப்பாகும். ரெண்டாவது, கடைசியில ஒரு முடிவுக் குறி வைக்கிறது, இன்னொரு புரோகிராமை ஓட்டுற எக்ஸெக்எல் (execl) ஃபங்ஷன் அப்படித்தான், நல் பாயின்டர் வர்ற வரைக்கும் படிச்சுட்டே போகும். அங்க கூட வெறும் நல் போடாம சார் பாயின்டரா காஸ்ட் பண்ணித்தான் போடணும், ஏன்னா நல் வெறும் 0-ன்னு வரையறுத்திருக்கலாம், அப்போ போறது நாலு பைட் இன்ட், உள்ளே படிக்கிறது எட்டு பைட் பாயின்டர், மேல் நாலு பைட்ல குப்பை இருந்தா முடிவே கண்ணுல படாம தாண்டிப் போயிடும். மூணாவது பிரிண்ட்எஃப் வழி, எதை எப்படி அச்சடிக்கணும்னு சொல்ற ஃபார்மட் சரமே எண்ணிக்கையையும் டைப்பையும் சொல்லிடும். மூணுல இதுதான் அதிகத் தகவல் கொடுக்கிறது, ஆபத்தும் இதுலதான் அதிகம்.

அந்த ஆபத்தைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இதை வெறும் பக்னு நினைக்கிறாங்க. யூசர் கொடுத்த சரத்தை நேரடியா பிரிண்ட்எஃப்க்கு முதல் ஆர்குமென்ட்டா கொடுத்தா, அந்த யூசர்தான் இப்போ உங்க ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்குமென்ட், என்ன டைப்புன்னு ஆணை போடுறாரு. பர்சென்ட் எக்ஸ் நாலஞ்சு போட்டா ரெஜிஸ்டர்லயும் ஸ்டேக்லயும் இருக்கிறது வெளிய வரும், பர்சென்ட் என் போட்டா அதுவரைக்கும் அச்சான எழுத்துகளோட எண்ணிக்கையை ஒரு முகவரியில எழுதவே செய்யும். 2000ல டபிள்யூயூ-எஃப்டிபிடி சர்வர்ல இந்த வகை ஓட்டை வெளிய வந்தப்போ நெட் வழியா ரூட் அதிகாரமே எடுக்க முடிஞ்சுது. தடுக்கிறது ரொம்ப சின்ன வேலை, யூசர் சரத்தை எப்பவும் பர்சென்ட் எஸ்-க்கு எதிரே கொடுங்க, ஃபார்மட் சரம் எப்பவும் கோடுலயே எழுதின நிலையான சரமா இருக்கட்டும். நீங்க சொந்தமா லாக் ஃபங்ஷன் எழுதினா ஜிசிசி, க்ளாங் ரெண்டுலயும் அதுக்கு ஃபார்மட் அட்ரிபியூட் போடலாம், அப்போ பிரிண்ட்எஃப்க்குப் பண்ற அதே சோதனையை உங்க ஃபங்ஷனுக்கும் கம்பைலர் பண்ணும். பிரிண்ட்எஃப் வகைன்னு சொல்லி ரெண்டு எண் கொடுத்தா போதும், ஃபார்மட் எத்தனையாவது ஆர்குமென்ட், சோதனை எங்க ஆரம்பிக்கணும்னு. இதைப் போடாம லாக் ஃபங்ஷன் எழுதுறதை நான் முடிஞ்ச வேலைன்னே ஒத்துக்க மாட்டேன்.

லாக் ஃபங்ஷன்னதும் அடுத்து வர்ற சந்தேகம், எனக்கு வந்த மூணு புள்ளியை அப்படியே பிரிண்ட்எஃப்க்கு எப்படித் தள்ளுறது? தள்ள முடியாது. மூணு புள்ளியை மறுபடி மூணு புள்ளியா அனுப்ப சி-ல வழியே இல்லை. அதுக்குத்தான் வி-ல ஆரம்பிக்கிற தம்பிகள் இருக்காங்க, விபிரிண்ட்எஃப், விஎஸ்என்பிரிண்ட்எஃப் எல்லாம் மூணு புள்ளியில வந்ததைப் படிக்க உதவுற விஏ_லிஸ்ட்டை (va_list) வாங்கிக்கும். நீங்க எழுதுற லைப்ரரியிலயும் அதே பழக்கத்தை வைங்க, வேலையெல்லாம் விஏ_லிஸ்ட் வாங்குற ஃபங்ஷன்ல இருக்கட்டும், மூணு புள்ளி ஃபங்ஷன் அதைக் கூப்பிடுற வெறும் வாசலா இருக்கட்டும். ஒரு தடவை இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்து அவங்க அதுல படிச்சுட்டா உங்க கையில இருக்கிற விஏ_லிஸ்ட்டை மறுபடி படிக்கக் கூடாது, படிச்சு முடிச்சாச்சுன்னு சொல்ற விஏ_எண்ட் மட்டும்தான் போடலாம். ரெண்டு தடவை வேணும்னா, முதல்ல நீளம் கணக்குப் பண்ணி அப்புறம் நிஜமா எழுதுறதுக்கு, 1999 ஸ்டாண்டர்ட்ல வந்த விஏ_காப்பி வச்சு முன்னாடியே பிரதி எடுத்துக்கணும். நேரா சமக்குறி போட்டு காப்பி எடுக்காதீங்க, 64 பிட் லினக்ஸ்ல விஏ_லிஸ்ட் ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கிற அரே, அரேயை அப்படி அசைன் பண்ணவே முடியாது. விஏ_ஸ்டார்ட் எந்த ஃபங்ஷன்ல போட்டீங்களோ விஏ_எண்டும் அதே ஃபங்ஷன்லதான். 2023 ஸ்டாண்டர்ட்ல விஏ_ஸ்டார்ட்டுக்கு கடைசி பாராமீட்டர் பேரைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் போயிடுச்சு, மூணு புள்ளி மட்டுமே வச்சும் ஃபங்ஷன் எழுதலாம், ஆனா எண்ணிக்கை தெரியாத அடிப்படைப் பிரச்சனை அப்படியேதான் இருக்கு.

உங்க சராசரிக்கு நான் சொல்ற வழி மூணு புள்ளியே வேண்டாம்ங்கிறதுதான். ஃபங்ஷன் ஒரு டபுள் அரேயும் நீளமும் வாங்கட்டும். அதுக்கு மேல ஒரு மேக்ரோ, 1999 ஸ்டாண்டர்ட்ல வந்த வேரியபிள் ஆர்குமென்ட் மேக்ரோ, வந்த எல்லாத்தையும் டபுள் அரே லிட்டரலுக்குள்ள போட்டு, அதே லிட்டரலோட சைஸ்ஆஃப்பை (பைட் அளவை) ஒரு டபுளோட சைஸ்ஆஃப்பால வகுத்து நீளமாக் கொடுக்கும். கூப்பிடுற இடத்துல சராசரி(10.0, 20, 30.0)னே எழுதலாம், எண்ணிக்கை தேவையில்லை, 20 தானா டபுளா மாறிடும் ஏன்னா இப்போ அது டபுள் அரேக்குள்ள போற ஆரம்ப மதிப்பு. சைஸ்ஆஃப் உள்ளே இருக்கிறதை ஓட்டாது, டைப்பை மட்டும்தான் பார்க்கும், அதனால ஆர்குமென்ட்ல ஃபங்ஷன் கால் இருந்தா ரெண்டு தடவை ஓடுமோன்னு பயப்பட வேண்டாம். ஸ்டாண்டர்ட்படி ஒண்ணுமே கொடுக்காம கூப்பிட முடியாது, ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு சராசரி எது, அது நல்லதுதான். பாதுகாப்பு முக்கியமான எம்பெடட் வேலைகள்ல பின்பற்றுற மிஸ்ரா சி விதிகள் மூணு புள்ளி ஃபங்ஷன் எழுதத் தேவையான stdarg.h ஹெடர் ஃபைலோட வசதிகளையே உபயோகிக்கக் கூடாதுன்னு சொல்லுது, அதுக்கு இப்படி மாத்து வழி இருக்கிறதும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

சி ப்ளஸ் ப்ளஸ் எழுதுறவங்க சி பாணி மூணு புள்ளியை மறந்துடலாம். 2011ல வந்த வேரியாடிக் டெம்ப்ளேட்ல ஒவ்வொரு ஆர்குமென்ட்டோட டைப்பும் கம்பைலருக்கு முழுசா தெரியும், 2017ல வந்த ஃபோல்ட் எக்ஸ்பிரஷன் வச்சா கூட்டல் எல்லாம் ஒரு வரி. எல்லாம் ஒரே டைப்னா இனிஷியலைசர் லிஸ்ட்டே போதும். ரஸ்ட் இன்னொரு எல்லை, சாதாரண ரஸ்ட் ஃபங்ஷனுக்கு வேரியபிள் ஆர்குமென்ட்டே கிடையாது, பிரிண்ட்எல்என் மாதிரி எல்லாம் மேக்ரோ, ஃபார்மட் சரத்தை கம்பைல் ஆகும்போதே பிரிச்சுச் சோதிச்சுடும்.

இப்போ பைத்தான். டெஃபினிஷன்ல ஒரு ஸ்டார் போட்டா மிச்சம் வர்றது எல்லாம் ட்யூப்பிள், ரெண்டு ஸ்டார் போட்டா பேரோட வர்றது எல்லாம் டிக்ஷனரி. கூப்பிடுற இடத்துல அதே ஸ்டார் எதிர்த்திசையில வேலை செய்யும், லிஸ்ட்டைப் பிரிச்சுத் தனித்தனியா அனுப்பும். சி-ல முடியாத "வந்ததை அப்படியே தள்ளுறது" இங்க ஒரே வரி, இன்னொரு ஃபங்ஷனைச் சுத்தி மூடுற டெகரேட்டர் எல்லாம் இதை நம்பித்தான் ஓடுது. ஆனா பைத்தான்ல எப்பவும் சரியா வரும்ங்கிறதை நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். ஒரு லிஸ்ட்டோட பெரிய மதிப்பை எடுக்க மேக்ஸுக்குள்ள ஸ்டார் போட்டு லிஸ்ட்டை விரிச்சு அனுப்புறாங்க. லிஸ்ட்ல ரெண்டு, மூணு இருந்தா ஓடும். காலியா இருந்தா எர்ரர். ஒரே ஒரு எண் இருந்தா? மேக்ஸ் ஒரு ஆர்குமென்ட் மட்டும் வந்தா அதை ஒரு தொகுப்புன்னு நினைச்சு உள்ளே போய்ப் பார்க்கும், எண்ணுக்குள்ள போக முடியாதுன்னு எர்ரர் கொடுக்கும். அந்த ஒண்ணு சரமா இருந்தா இன்னும் மோசம், எர்ரரே வராது, அந்த சரத்துல இருக்கிற பெரிய எழுத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு நல்ல பிள்ளை மாதிரி இருந்துடும். ஸ்டாரை எடுத்துட்டு லிஸ்ட்டை லிஸ்ட்டாவே கொடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்லை, காலியா இருக்கிறதுக்கு மட்டும் டிஃபால்ட் கொடுத்தா போதும்.

ரெண்டு ஸ்டார் பக்கம் இருக்கிற ஆபத்து எழுத்துப்பிழை. டைம்அவுட்டை கேவார்க்ஸ்ல (ரெண்டு ஸ்டார் கட்டின டிக்ஷனரி) கெட் போட்டு எடுத்து இல்லைன்னா 30னு வச்சிருப்பீங்க, கூப்பிடுறவர் ஒரு எழுத்தை மாத்தி டைப் பண்ணிட்டா அதுவும் டிக்ஷனரிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், நீங்க 30ஐ எடுத்துட்டு ஓடிட்டே இருப்பீங்க. பேர் தெரிஞ்ச பாராமீட்டர்னா பேரைப் போட்டே எழுதுங்க, ரெண்டு ஸ்டார் அடுத்த ஃபங்ஷனுக்குத் தள்ளுறதுக்கு மட்டும்னு வச்சுக்கோங்க.

மத்த மொழிகள் சீக்கிரமா. ஜாவாவுல 2004ல ஜாவா 5ல வந்தது, உள்ளே அது வெறும் அரே, கம்பைலர் கட்டிக் கொடுக்கும், கடைசி பாராமீட்டரா மட்டும்தான் வரலாம். ஆனா நீங்களே ஒரு அரேயைக் கொடுத்தா அதுதான் அந்த அரேன்னு எடுத்துக்கும், அதனால வெறும் நல் கொடுத்தா ஒரு நல் இருக்கிற அரே வராது, அரேயே நல் ஆயிடும். இன்ட் அரேயை அரேஸ் ஆஸ்லிஸ்ட்டுக்குக் கொடுத்தா எண்கள் வராது, அந்த அரே ஒண்ணே ஒண்ணு இருக்கிற லிஸ்ட் வரும். கோ மொழியில உள்ளே ஸ்லைஸ், பின்னாடி மூணு புள்ளி போட்டு உங்க ஸ்லைஸையே அனுப்பினா புதுசா காப்பி எடுக்காது, உள்ளே ஒரு இடத்தை மாத்தினா வெளிய உங்களோடதும் மாறும், பைத்தான் ட்யூப்பிள் பழக்கத்துல வர்றவங்க இங்க அடிபடுவாங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல 2015க்கு அப்புறம் ரெஸ்ட் பாராமீட்டர்தான், பழைய ஆர்குமென்ட்ஸ் ஆப்ஜெக்ட் நிஜ அரே கிடையாது, ஆரோ ஃபங்ஷனுக்கு சொந்தமா அது இருக்கவும் இருக்காது. அங்க எந்த ஃபங்ஷனுக்கும் எத்தனை வேணும்னாலும் அனுப்பலாம், கூடுதலா வந்தா கண்டுக்காது, அதனாலதான் மூணு '10' இருக்கிற அரேயை மேப்ல போட்டு நேரா பார்ஸ்இன்ட் கொடுத்தா 10, NaN (எண் அல்லங்கிற குறி), 2னு வருது, மேப் கூடவே அனுப்பின இன்டெக்ஸை பார்ஸ்இன்ட் அடிமானம்னு (எந்த எண் முறையில படிக்கணும்ங்கிறது) எடுத்துக்குது. மேத் மேக்ஸுக்குள்ள பெரிய அரேயை விரிச்சா ஸ்டேக் தாங்காம எர்ரர் வரும், எத்தனையில வரும்ங்கிறது எஞ்சினைப் பொறுத்தது.

இதெல்லாம் பார்த்துட்டு எப்போ இதை உபயோகிக்கிறதுன்னு கேட்டா, நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன், எண்ணிக்கை எப்போ தெரியுது? கோடு எழுதுறவர் கையால நாலு மதிப்பைக் கமா போட்டு எழுதுற இடம்னா வேரியபிள் ஆர்குமென்ட் அழகு, லாக், பாத் ஜாயின், ஃபார்மட் எல்லாம் அந்த வகை. ஓடும்போது ஃபைல்ல இருந்தோ டேட்டாபேஸ்ல இருந்தோ எத்தனை வரும்னு தெரியாததுன்னா லிஸ்ட்டா வாங்குங்க, மேல சொன்ன மேக்ஸ் கதையும் மேத் மேக்ஸ் கதையும் இந்தக் கோட்டைத் தாண்டினதாலதான் வந்தது. ரெண்டு வகைப் பயனும் இருக்கும்னா லிஸ்ட் வாங்குறதை அடிப்படையா எழுதிட்டு மேல வேரியபிள் ஆர்குமென்ட் வாசல் ஒண்ணு வைங்க. குறைஞ்சது ஒண்ணாவது வேணும்னா உள்ளே நீளம் பார்த்து எர்ரர் போடாதீங்க, முதல் மதிப்பைத் தனி பாராமீட்டராவும் மீதியை மட்டும் வேரியபிளாவும் வைங்க, காலியா கூப்பிட்டா கம்பைலரே நிறுத்திடும், ஜாவாவோட ஈனம்செட் ஆஃப் அப்படித்தான் எழுதியிருக்காங்க. ஒவ்வொரு காலுக்கும் புதுசா ஒரு அரே கட்டுற செலவும் உண்டு, அதைத் தவிர்க்கத்தான் ஜாவா 9ல வந்த லிஸ்ட் ஆஃப்ல பத்து வரைக்கும் தனித்தனி ஃபங்ஷன் எழுதி வச்சு பத்தைத் தாண்டினா மட்டும் வேரியபிளுக்குப் போறாங்க, ஆனா ரொம்ப அடிக்கடி ஓடுற இடம் இல்லைன்னா இதுக்காக நீங்க மெனக்கெட வேண்டாம்.

டிசைன் பண்ணும்போது பலரும் யோசிக்காத ஒண்ணு, கடைசி இடத்தை வேரியபிள் ஆர்குமென்ட் பிடிச்சுட்டா பின்னாடி ஒரு புது பாராமீட்டர் சேர்க்க இடமே இருக்காது, முன்னாடி சேர்த்தா பழைய கால் எல்லாம் உடையும். சி, ஜாவா, கோ மூணுலயும் இதுக்கு சுத்தமான வழி இல்லை, புதுப் பேர்ல இன்னொரு ஃபங்ஷன் எழுதணும், இல்லைன்னா ஆரம்பத்துலயே ஆப்ஷன் எல்லாத்தையும் ஒரு ஸ்ட்ரக்ட்ல வச்சு முதல் பாராமீட்டரா வாங்கணும். பைத்தான் 3ல ஸ்டார் ஆர்க்ஸுக்குப் பின்னாடி எழுதுறது எல்லாம் பேர் சொல்லி மட்டுமே கொடுக்க முடியுற பாராமீட்டர். பிரிண்ட் ஃபங்ஷன் எத்தனை மதிப்பு வேணும்னாலும் வாங்கும், செப், எண்ட், ஃபைல் மூணும் பேரோடதான் வரும், அதனாலதான் 3.3ல ஃப்ளஷ்ஷைப் புதுசா சேர்த்தப்போ அதுக்கு முன்னாடி எழுதின எந்த பிரிண்ட் வரியையும் யாரும் தொட வேண்டி வரல.